ஓரத்தில் ஒரு முழங்கை

என் வீட்டுக்காரர் டிவி மெக்கானிக். ஆகவே எங்கள் வீட்டில் டிவி ஓடாது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தெருவில் எந்த வீட்டுப் பெட்டி படுத்தாலும் இவர் போய் எழுப்பிவிடுவார். எழுப்புவதற்கு வேண்டிய சாமான் கடையில் இல்லையென்றால், எங்கள் வீட்டுப் பெட்டியின் முதுகைத் திறந்து கழற்றிக்கொண்டு போவார். அதை ஒரு தப்பாகவே அவர் நினைப்பதில்லை. அவரைப் பொறுத்தவரை எங்கள் வீட்டு டிவி கொஞ்சம் பெரிய சைஸ் உதிரிபாக டப்பா.

மற்ற நாளில் நானும் இதைப் பெரிதுபடுத்தியதில்லை. நாள் முழுக்க சலவை நிலையத்தில் ஓட்டல் படுக்கை விரிப்புகளை நீராவியில் அழுத்தி அழுத்தி மடித்துவிட்டு வருகிறவளுக்கு டிவி பார்க்க எங்கே தெம்பு இருக்கிறது? கேசட்டில் நாலு பாட்டு கேட்டால் போதும். ஆனால் அந்தச் சனிக்கிழமை மற்ற நாள் மாதிரி இல்லை. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஈரத் தீக்குச்சி முதல் முறையாக டிவியில் வருகிறார்கள்.

ஈரத் தீக்குச்சி என்பது ஒரு பாட்டுக் குழு. பேரைச் சொன்னதும் "அப்போ பத்திக்காதே?" என்று கேட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், நீங்கள் புதிதாக எதுவும் கேட்க வேண்டாம். மொத்தம் நான்கு பேர். கேசட் அட்டையில் தங்கள் படத்தைப் போடமாட்டார்கள். ஒரு நாற்காலி, ஒரு வாளி என்று ஏதாவது வரைந்து வைத்திருப்பார்கள். பாடுகிறவர் முகம் மட்டும் எப்போதாவது பத்திரிகையில் வரும். அந்த முகத்துக்கு ஆயிரம் பேர் உருகிக்கொண்டிருந்தார்கள், எனக்கு அதில் அக்கறையில்லை. எனக்கு வேண்டியது டிரம்ஸ்.

இரண்டாவது கேசட்டில் ஒரு பாட்டு. நடுவில் எல்லாம் அடங்கிப்போகும். கேசட் சிக்கிக்கொண்டதோ என்று நாம் எழுந்திருக்கப் போகும்போது டிரம்ஸ் மட்டும் கிளம்பும், மாடிப்படியில் யாரோ செருப்போடு ஓடி இறங்குகிற மாதிரி. இறங்கி இறங்கி, இனி படியே இல்லை என்று நினைக்கிற இடத்தில் இன்னும் இரண்டு படி இறங்கும். அந்த இரண்டு படிக்காக நான் அந்தக் கேசட்டைத் தேய்த்து வைத்திருந்தேன்.

அதை வாசிக்கிறது ஒரு பெண். இது எனக்குத் தெரியும். ஒருநாள் சலவை நிலையத்தின் ரேடியோவில் அந்தப் பாடகரின் பேட்டி வந்தது. நீராவிச் சத்தத்துக்கு நடுவில் என் இரண்டு காதாலும் கேட்டேன்: "எங்க டிரம்ஸ் வாசிக்கிற பொண்ணு பெரிய கோபக்காரி, அவ சொன்னா சொன்னதுதான்." அடுத்த வாக்கியம் வருவதற்குள் சூப்பர்வைசர் ஸ்டேஷனை மாற்றிவிட்டார். பக்கத்தில் இருந்த யார் காதிலும் அது விழவில்லை. அப்படியே பறந்துகொண்டு வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

இவர் சிரித்தார். "பொண்ணாவது, டிரம்ஸாவது. அது மெஷின்ம்மா. சின்னதா ஒரு பெட்டி இருக்கு. பட்டனை அமுக்கினா அதுவே அடிக்கும். மனுஷக் கையால இப்படி அடிக்கவே முடியாது."

"என் காதால கேட்டேங்க."

"நீராவியில என்ன கேட்டுதோ."

எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொந்தபந்தம் மொத்தமும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், "என்ன, உன் மெஷின் பொண்ணு சௌக்கியமா?" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு ஏன் இவ்வளவு வீம்பு என்று கேட்டால் சொல்கிறேன். பள்ளிக்கூடத்து பேண்டில் டிரம் வாசிக்க நான் பேர் கொடுத்தேன். மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ முன்னாடி கொடி பிடிச்சிட்டு நட" என்றார். நடந்தேன். பின்னால் பையன்கள் தப்பும் தவறுமாகத் தட்டிக்கொண்டு வருவார்கள். நான் கொடிக்கம்பில் விரலால் சரியாகத் தட்டிக்கொண்டு முன்னால் போவேன். யாருக்கும் கேட்காது. அப்படி ஒருத்தி எங்கேயோ உட்கார்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி அடிக்கிறாள் என்றால் எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! இல்லை, வெறும் பெட்டிதான் என்றால் எனக்கு அழுகையே வந்துவிடும். டிவியில் வந்தால் அவளும் வந்துதானே ஆக வேண்டும்? என் கண்ணாலும் பார்க்கலாம், இவர் கண்ணிலும் காட்டலாம். நேரடி ஒளிபரப்பு, மறுபடி போடமாட்டோம் என்று வேறு சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க இவரை எச்சரித்துக்கொண்டே இருந்தேன். "ப்ரோக்ராம் முடியற வரைக்கும் இந்தப் பெட்டி முதுகுல கை வச்சீங்கன்னா பாருங்க."

"தொடமாட்டேன்மா, போதுமா?"

சனிக்கிழமை காலையில் போட்டுப் பார்த்தேன். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. மனசு நிறைந்து வேலைக்குப் போனேன். சாயங்கால வேலையைக் காலைக்கு மாற்றிக்கொடுத்தவள் மின்னல். எங்கள் பிரிவிலேயே மெதுவாக மடிக்கிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பேர். அதற்குப் பதிலாக இன்னொரு நாள் அவளுடைய தலையணை உறைகளையும் சேர்த்து நான் மடிக்க வேண்டும். அதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுத்தான் மத்தியானம் வீட்டுக்கு ஓடி வந்தேன்.

கட்டில்மேல் டிவியின் முதுகுமூடி கிடந்தது.

எட்டிப் பார்த்தேன். உள்ளே, நடுவில், கறுப்பாகக் கைப்பிடி அளவுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். படக்குழாய்க்கு உயிர் கொடுக்கிறதே அதுதான் என்று இவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அது இருந்த இடத்தில் நாலைந்து ஓட்டைகளும் கொஞ்சம் தூசியும்தான் இருந்தன.

எங்கள் வீட்டில் முன்னறைதான் அவர் கடை. போய் நின்றேன். சால்டரிங் கம்பியும் புகையுமாகக் குனிந்திருந்தார்.

"எங்கேங்க அது?"

"எது?"

"பெட்டிக்குள்ள இருந்ததே, அது."

"அதுவா. கணக்கு டீச்சர் வந்தாங்க. அவங்க பெட்டியில அது எரிஞ்சுபோச்சு. இன்னைக்கே வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. சனிக்கிழமையில சாமான் கடை ஏது? அவங்க பெட்டியும் நம்ம பெட்டியும் ஒரே மாடலாப் போச்சா, அதான் கழட்டி மாட்டிக் குடுத்துட்டேன். திங்கட்கிழமை புதுசு வாங்கி நம்மளுக்குப் போட்டுடறேன்."

"இன்னைக்கு எனக்கு என்னன்னு தெரியுமா?"

அவர் தலையைத் தூக்கினார். என் முகத்தைப் பார்த்தார். சுவரில் காலண்டரைப் பார்த்தார். கம்பியை மெதுவாகக் கீழே வைத்தார். "நாளைக்குன்னு நினைச்சேன்" என்றார்.

நான் கத்தியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. மாடியில் ஜன்னல் திறந்தது, அவ்வளவு சொன்னால் போதும். போய்க் கழற்றிக்கொண்டு வாருங்கள் என்றேன். அதற்கு மட்டும் அவர் அசையவில்லை. "மாட்டிக் குடுத்ததைத் திரும்பக் கழட்டறதா? அது நடக்காது. நம்பிக் கேட்டு வந்தவங்க கிட்ட அப்படி எல்லாம் செய்யக் கூடாது." நம்பிக் கட்டிக்கொண்டவளிடம் மட்டும் செய்யலாமா என்று கேட்டேன்.

ஆனாலும் மனுஷனுக்கு மூஞ்சி செத்துப்போயிருந்தது. "இரு, இங்கேயே ஒண்ணைத் தேத்தித் தரேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். கடை நிறையப் பெட்டிகள்தான். ஒன்றில் படம் வரும், சத்தம் வராது. ஒன்றில் சத்தம் வரும், படம் வராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதைப் பார்த்துக்கொண்டு அதைக் கேள் என்றார். யோசனை மோசமில்லை என்று எனக்கே தோன்றியது. இரண்டையும் ஒரே பிளக்கில் சொருகினார். டப் என்று ஒரு சத்தம், கருகல் நாற்றம், மொத்தக் கடைக்கும் மின்சாரம் போனது. ஃபியூஸ் போட்டு விளக்கு வந்தபோது படம் வந்த பெட்டியிலும் படம் வரவில்லை.

"மாடிக்குப் போலாம்" என்றார்.

மாடியில் அவர் அண்ணனும் என் ஓர்ப்படியும். அவர்கள் பெட்டி நன்றாக ஓடும், இவர் பார்த்துக்கொள்கிறாரே! போனால் வாசலில் பத்து ஜோடி செருப்பு. ஓர்ப்படியின் தம்பிக்குப் போன மாதம் கல்யாணம். கல்யாண வீடியோ வந்துவிட்டதாம், பெண் வீட்டார் எல்லோரும் பார்க்க வந்திருக்கிறார்கள். கூடம் நிறைய ஆட்கள், திரை நிறைய ஆட்கள், எது எது என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டமாக இருந்தது.

"வா, வா, சரியான நேரத்துக்கு வந்தே. உட்காரு. இப்போதான் வரவேற்பு ஆரம்பிக்குது" என்று ஓர்ப்படி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"எவ்வளவு நேரம்க்கா ஓடும்?" என்று மெல்ல நூல் விட்டுப் பார்த்தேன்.

"இது முதல் கேசட்தான். இன்னும் ரெண்டு இருக்கு."

அந்தக் கூட்டத்தில் டிவியை மாற்றச் சொல்லிக் கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் அவளுக்கு அவமானம், எனக்கும் கெட்ட பேர். திரையில் ஆட்கள் வரிசையாக வந்து கை குலுக்கினார்கள், ஒருத்தர் விடாமல். நடுவில் நானும் வந்தேன், வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு. கூடமே சிரித்தது. "இவளா? இவதான் அந்த மெஷின் பொண்ணுக்கு ரசிகை" என்று ஓர்ப்படி புதியவர்களுக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தாள். அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்துவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லிக் கம்பி நீட்டினேன்.

கீழே வந்தால் இவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் பெரிய டிவி ஷோரூம் இருக்கிறதே, அங்கே சுவர் முழுக்க டிவி. நாங்கள் போனபோது அத்தனையிலும் ஒரே மீன். சிவப்பு மீன் ஒன்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கலர் காட்டுவதற்காக அவர்கள் வைத்திருக்கிற டேப் அது. சேனல் வராதா என்று கேட்டேன். கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர், "ஆன்டெனா குடுக்கலை மேடம், டெமோ மட்டும்தான்" என்று இனிமையாகச் சொல்லிவிட்டு, தவணையில் வாங்க விருப்பமா என்றார். ஒரு சுவர் நிறைய டிவி இருந்தும் பார்க்க ஒரு மீன்தான் கிடைத்தது. நடைபாதைக்கு வந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "விடுங்க, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

இவர் ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை. அதன் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "சூடு பார்க்கலை" என்றார்.

"என்னது?"

"டீச்சர் பெட்டிக்கு இன்னும் சூடு பார்க்கலைன்னு சொன்னேன். ஏறு."

இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். புதிதாக ஒரு சாமானை மாட்டினால், பெட்டியை அரைமணி நேரமாவது ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடிவிட்டு, சூடேறியதும் படுத்துக்கொள்கிற பெட்டிகள் உண்டு. அதனால் மெக்கானிக்குகள் உட்கார்ந்து பார்ப்பார்கள். இதற்குத்தான் சூடு பார்ப்பது என்று பேர். இவர் டீச்சர் வீட்டில் அன்று மாட்டிவிட்டு, அடுத்த வேலைக்கு நேரமாயிற்று என்று அதைச் செய்யாமல் வந்துவிட்டாராம். இப்போது போய் உட்காரலாம். கையாளாக நானும் போகலாம். எந்த சேனலில் வைத்துச் சூடு பார்ப்பது என்பது மெக்கானிக் இஷ்டம்தானே?

அத்தனை கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கணக்கு டீச்சர் தெருவில் வந்தால் பிள்ளைகள் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். தனியாக இருக்கிறவர். பேச்சில் ஒரு வார்த்தை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. கதவைத் தட்டியதும் ஒரு கை அகலத்துக்குத் திறந்தார்.

"என்ன மெக்கானிக்?"

"சூடு பார்க்கணும் டீச்சர். காலையில விட்டுப்போச்சு."

"வேண்டாம். நல்லாத்தான் ஓடுது."

"இப்போ நல்லா ஓடும் டீச்சர். திடீர்னு படுத்துக்கும். அரைமணி நேரம்தான்."

"நாளைக்கு வாங்க."

"நாளைக்குள்ள எரிஞ்சாலும் எரிஞ்சுடும்." இவர் குரலில் அப்படி ஒரு கவலை. கட்டின எனக்கே தெரியாத நடிப்பு.

டீச்சர் உள்ளே கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டில் இருக்கிற சனிக்கிழமையில் முகத்துக்குப் பவுடர் போட்டிருக்கிறாரே என்று அப்போதுதான் கவனித்தேன். ஜன்னல் திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. டிவிக்கு நேர் எதிரில் ஒரே ஒரு நாற்காலி. பெட்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அறிவிப்பாளரின் குரல்: "அடுத்து, நீங்கள் எல்லோரும் ஆவலோடு எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் ஈரத் தீக்குச்சி!"

நானும் டீச்சரும் ஒரே சமயத்தில் திரும்பினோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் முகம் பவுடரையும் மீறிச் சிவந்துபோயிற்று.

"நீயுமாம்மா?" என்றார்.

"நானும்தான் டீச்சர்."

"உள்ளே வா. செருப்போடயே வா, நேரமில்லை."

அன்று காலையில் அவர் ஒற்றைக்காலில் நின்றது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. மத்தியானத்திலிருந்து மனசுக்குள் நான் எந்த டீச்சரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ அவரே எனக்காக உள்ளறையிலிருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். இவர் சுவரோரம் ஒரு ஸ்டூலில் ஒண்டிக்கொண்டார்.

பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது கேசட்டில் இருக்கிற அதே பாட்டு. திரை முழுக்கப் பாடகரின் முகம். கன்னத்தில் ஒரு மச்சம், அவ்வளவு கிட்டத்தில். டீச்சர் இரண்டு கையையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வரியிலும் முகம். அதற்கடுத்த வரியில் அவர் மைக்கைப் பிடித்திருக்கிற கை, மறுபடி முகம். டிரம்ஸ் காதுக்கு வருகிறது, கண்ணுக்கு வரவில்லை. கேமராக்காரருக்கும் அந்த முகத்தின்மேல்தான் கண் போலிருக்கிறது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

"தள்ளிக் காட்டுய்யா! மத்தவங்க எல்லாம் மனுஷங்க இல்லையா?" என்று திரையைப் பார்த்துக் கத்தியேவிட்டேன். டீச்சர் வகுப்பில் பேசினவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

ஒருவழியாகக் கேமரா பின்னால் போயிற்று. மேடை முழுக்கத் தெரிந்தது. நடுவில் பாடகர், பக்கத்தில் கிடார்காரர்கள் இரண்டு பேர். இடது ஓரத்தில், படம் முடிகிற இடத்தில், ஒரு டிரம்மின் பாதியும் ஒரு முழங்கையும். முழங்கை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அதோடு கண்ணாடி முடிந்துவிட்டது.

"கையி! ஏங்க, கையி தெரியுது! மெஷின் இல்லை, கை! ஆனா ஆளு வெட்டுப்படுதுங்க, ஓரத்துல நிக்குது!"

இவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தாரா, இல்லை படத்தின் விளிம்பைத்தான் பார்த்தாரா, தெரியாது. "ஆளு வெட்டுப்படலை. பெட்டி வெட்டுது" என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"எந்தப் பெட்டியும் வர்ற படத்தை முழுசாக் காட்டாதும்மா. கண்ணாடி நிறைஞ்சு தெரியட்டும்னு ஓரத்துல கொஞ்சத்தை வெளியே தள்ளித்தான் வச்சிருப்பாங்க. அவ அங்கேதான் இருக்கா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்." அவள் என்று சொன்னது அவருக்கே தெரிந்ததோ என்னவோ. சொல்லிக்கொண்டே பெட்டியின் பின்னால் போய் முதுகுமூடியைத் தளர்த்தினார். பையிலிருந்து நீளமான பிளாஸ்டிக் திருப்புளியை எடுத்தார்.

டீச்சர் பாதி எழுந்துவிட்டார். "மெக்கானிக், என்ன பண்றீங்க? இப்பவா?"

"அகலத்தைக் குறைக்கிறேன் டீச்சர்."

ஓடுகிற பெட்டிக்குள் ஒரு கையை விடும்போது இன்னொரு கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். தொழில் பழக்கம் அது. ஒரு கைதான் உள்ளே இருக்க வேண்டுமாம், இரண்டாவது கை எதையாவது தொட்டுவிட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போய்விடுமாம். அப்படி ஒரு கை உள்ளேயும் ஒரு கை பையிலுமாக, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒடுங்கிக் குனிந்தார். திரை அவர் கண்ணுக்குத் தெரியாது.

"சொல்லு. சின்னதாகுதா?"

இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு கோடு முளைத்தது. கோடு பட்டையாயிற்று. படம் ஒடுங்க ஆரம்பித்தது. பாடகரின் முகமும் கூடவே ஒடுங்கி நீண்டுகொண்டு போயிற்று.

"ஐயோ, அவரு மூஞ்சி!" என்றார் டீச்சர். "வெள்ளரிக்காய் மாதிரி ஆகுதே! நிறுத்துங்க!"

"நிறுத்தாதீங்க!" என்றேன் நான். "இன்னும், இன்னும் கொஞ்சம்."

முழங்கை வந்தது. தோள் வந்தது. இரண்டாவது டிரம் வந்தது. கட்டம் போட்ட சட்டையின் காலர் வந்தது. பிறகு, கறுப்புப் பட்டைக்கும் படத்துக்கும் நடுவிலிருந்து ஒரு முகம் வெளியே வந்தது.

பெண்.

என் வயசுதான் இருக்கும். தலைமுடியை எதைக் கொண்டோ இறுக்கிக் கட்டியிருந்தாள். கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை, அவளையும் யாரும் பார்க்கவில்லை என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அழகு என்று சொல்ல முடியாது. சலவை நிலையத்தில் எனக்குப் பக்கத்து மேஜையில் நின்றால் யாரும் வித்தியாசமாக நினைக்கமாட்டார்கள். பாட்டு அடங்கியது. அந்த இடம் வந்துவிட்டது.

அவள் கையைத் தூக்கினாள். ஓடி இறங்கினாள். எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷம் காதால் கேட்ட ஒவ்வொரு படியிலும் அவள் கை இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டே கை. கடைசியில் அந்த இரண்டு படி வந்தபோது அவள் சிரித்தாள், தனக்குத்தானே. டீச்சர் தன் பாடகரைக்கூட மறந்துவிட்டு, "அட, பொண்ணு!" என்றார். "எவ்வளவு சுத்தமா எண்ணி வாசிக்கிறா!"

பாட்டு முடிந்து கைதட்டல் கேட்டது. இன்னொரு பாட்டு இருக்கிறது என்று அறிவித்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன், அது வேறு விஷயம். உடனே எனக்கு இவர் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் எதற்காகக் காத்திருந்தேன்? இவர் கண்ணில் காட்டத்தானே?

"ஏங்க, சீக்கிரம் இந்தப் பக்கம் வாங்க, வந்து பாருங்க!"

"வர முடியாதும்மா" என்றது பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல். "திருகு தேஞ்சுபோச்சு. விட்டா பழைய இடத்துக்கே போயிடும், அவ மறுபடி வெளியே போயிடுவா. பிடிச்சிட்டுத்தான் நிக்கணும்."

"அப்போ நான் வந்து பிடிக்கிறேன். ஒரு நிமிஷம் நீங்க பாருங்க. நீங்க பார்க்கணும்ங்க."

"ஓடற பெட்டி. உன்னைக் கை விட விடமாட்டேன்."

"அப்போ நீங்க எப்படிப் பார்ப்பீங்க? நாளைக்கு மறுபடி மெஷின்னு சொல்லுவீங்க, மாடியில எல்லாரும் சிரிப்பாங்க."

பெட்டியின் பக்கவாட்டில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது, வியர்வையில் ஒட்டிய சட்டையோடு.

"நீ பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"நல்லாப் பாத்தியா? பொண்ணா?"

"பொண்ணுதாங்க."

"அப்போ பொண்ணுதான். மாடியில நான் சொல்லிக்கிறேன். நீ பேசாம உட்கார்ந்து பாரு. அடுத்த பாட்டு ஆரம்பிக்குது."

அவள் குச்சிகளை ஒன்றோடொன்று தட்டி எண்ணிக்கை கொடுத்தாள். நான் உட்கார்ந்து பார்த்தேன்.